அடர்ந்த மேகத்துக்குள்ள கோல்ஃப்: ஆடுனவங்க யாராவது இருக்கீங்களா?

குறுக்குத்துறை | டிசம்பர் 6, இரவு 9.20

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். வர்ற 20ஆம் தேதி கொடைக்கானல்ல ஒரு ரவுண்டு கோல்ஃப் ஆடப் போறேன். கூட வேலை பாக்குற மூணு பேர் வாராங்க. காலை ஏழு மணிக்கு முதல் டீயில, அதாவது முதல் பந்தை அடிக்கிற இடத்துல, நிக்கணும். நான் மஸ்கட்ல வேலை பாத்தப்ப ஆடிப் பழகுனவன். அங்க வெயிலைத் தவிர வேற தொந்தரவு கிடையாது, அடிச்ச பந்து விழுந்து உருளுறது வரைக்கும் கண்ணுல தெரியும். கொடைக்கானல்ல மார்கழிக் காலையில எதிர்ல நிக்குற ஆளே தெரியாதுன்னு சொல்லுதாங்க.

இதைக் கேக்கும்போது ஒரு பழைய ஞாபகம் வருது. எனக்குப் பத்து வயசு இருக்கும். மாமா அப்ப மாஞ்சோலை மலையில தேயிலை எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதினாவ. பரீட்சை லீவுக்குக் கல்லிடைக்குறிச்சியில பஸ் ஏறி, மணிமுத்தாறு அணையைத் தாண்டி மேல போனோம். காக்காச்சியில ரோட்டோரம் பெரிய புல்வெளி. கோல்ஃப் மைதானம்னு மாமா சொன்னாவ. ஒரே மேகம். தொப்பி போட்ட ஒருத்தர் கம்பை ஓங்கி அந்த வெள்ளைக்குள்ள ஒரு அடி அடிச்சார். பந்து போச்சு, அவ்வளவுதான். கொஞ்சம் கழிச்சு உள்ள இருந்து ஒரு விசில் சத்தம். அவர் தலையை ஆட்டிட்டு அந்தச் சத்தத்தைப் பாத்து நடந்து போயி மறைஞ்சுட்டார்.

முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த விசில் இன்னும் காதுல இருக்கு. உள்ள நின்னது யாரு? எப்படி ஆடுனாவ? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

நாலுமுக்கு மக | டிசம்பர் 6, இரவு 10.05

தம்பி, நான் அதே மாஞ்சோலை மலையில நாலுமுக்கு எஸ்டேட்ல பிறந்தவ. நாங்க மூடுபனின்னு சொல்ல மாட்டோம். "மேகம் இறங்கிட்டு"ன்னுதான் சொல்லுவோம். எங்க அம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது மேகம் இறங்கிட்டா, நிரையில நிக்குற பொம்பளைங்க ஒருத்திக்கு ஒருத்தி குரல் கொடுத்துக்கிட்டே இருப்பாங்க. காட்டுமாடு பக்கத்துல வந்து நின்னாக்கூடத் தெரியாது பாருங்க. குரல் வராத இடத்துக்கு உடனே ஆள் போகும். கண்ணு போன நேரத்துல காதுதான்.

விசில் கொடுத்தது கேடிப் பையங்கதான், ஆடுதவங்களுக்குப் பை தூக்குற பையங்க. நாங்க இருந்த லயத்துலயே, எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசையிலயே, ரெண்டு பேர் போவாங்க.

---

பாளை வாத்தியார் | டிசம்பர் 7, காலை 6.40

இயற்பியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கோல்ஃப் ஆடியதில்லை. பனியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பார்வை எட்டும் தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் வானிலைக் கணக்கில் அது மூடுபனி. 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்த மூடுபனி, 50 மீட்டருக்குக் கீழே மிக அடர்ந்தது. நம் தாமிரபரணிக் கரையில் மார்கழி விடியலில் வயல்மேல் படுப்பது ஒரு வகை. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, ஈரம் துளியாகிறது. வெயில் ஏறினால் எட்டு, ஒன்பது மணிக்குள் கலைந்துவிடும். மலைமேல் வருவது வேறு. ஈரக்காற்று சரிவில் மோதி மேலே ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது, நீங்கள் அந்த மேகத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள். அது வெயிலைப் பார்த்துக் கலைவதில்லை. காற்று எப்படித் திரும்புகிறதோ அப்படி. ஐந்து நிமிடம் விலகும், மறுபடி மூடும். ஆகவே "ஒன்பது மணிக்கு விட்டுவிடும்" என்று மலையில் எண்ண வேண்டாம்.

இன்னொன்று. பனிக்குள் தெரியும் பொருள் மங்கலாக இருப்பதால், இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாக மூளை நினைக்கும். குழியில் நட்ட கொடிக்கம்பு 120 கெஜத்தில் இருந்தால் 150 என்று தோன்றும். கண் சொல்வதை நம்பி அடித்தால் பந்து தாண்டிப் போகும்.

---

காக்காச்சிப் பையன் | டிசம்பர் 7, இரவு 8.50

குறுக்குத்துறைத் தம்பி, உங்க பதிவை எம் மவன் வாசிச்சுக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன்தான் அடிக்கான். அந்த விசில் நானாக்கூட இருக்கலாம். தொண்ணூறுகள்ல அங்க பை தூக்குன பையங்கள்ல நானும் ஒருத்தன்.

அந்த மைதானம் எப்படின்னா, ரெண்டு பக்கமும் சோலைக்காடு, நடுவுல புல்வெளி. ஓரத்துல வெடிப்பலா மரம் நிக்கும், சிங்கவால் குரங்கு அதுல ஏறி நின்னு பாக்கும். மழைக்காலத்துல கால் வச்ச இடமெல்லாம் அட்டை. ஊத்து, நாலுமுக்கு எல்லாம் மழைக்குப் பேர் போன இடம், உங்களுக்கே தெரியும். அதனால மேகம்கிறது அங்க தினப்படி. மேகம்னு ஆட்டத்தை நிப்பாட்டினா வருஷத்துல பாதி நாள் ஆட முடியாது.

நாங்க செஞ்சது இதுதான். ஆடுதவர்கூட ஒரு பையன் பையோட நிப்பான். இன்னொருத்தன் முன்கூட்டியே நடந்து போயி, பந்து விழுற இடத்துக்கு ஒரு பக்கமா, மரத்துக்குப் பின்னால நிப்பான். நேர்கோட்டுல நிக்கவே கூடாது, இதுதான் மொதப் பாடம். அவன் போய்ச் சேர்ந்ததும் ரெண்டு விசில்: "நான் மரத்துக்குப் பின்னால வந்துட்டேன், முன்னால ஆளும் இல்ல, மாடும் இல்ல." அதுக்கப்புறம்தான் இங்கன கம்பைத் தூக்கணும். பந்து விழுந்த சத்தம் கேட்டதும் ஒரு நீள விசில். சத்தம் கேக்கலன்னா விசில் கிடையாது. அப்ப இங்க இருந்தே இன்னொரு பந்து அடிச்சு வச்சுக்கிடுவாவ.

சத்தம் எப்படித் தெரியும்னு கேப்பீங்க. அடி விழுந்ததும் மனசுக்குள்ள எண்ணணும். பெரிய கம்புல அடிச்சா அஞ்சு, ஆறு எண்ணுறதுக்குள்ள விழுந்துரும். அந்த நேரம் மூச்சை அடக்கிட்டு நிக்கணும். புல்லுல விழுந்தா 'தொப்'புன்னு ஒரே சத்தம். சதுப்புல விழுந்தா 'சொதக்'. காட்டுக்குள்ள போனா முதல்ல இலைச்சத்தம், அப்புறம் மரத்துல 'டொக்'கு, அப்புறம் ஒண்ணும் இருக்காது. மரத்துல பட்ட பந்து எந்தப் பக்கம் தெறிச்சுதுன்னு இலைச்சத்தத்தை வச்சே சொல்லிருவோம்.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. மேகம் இறங்குனா புல்லு முழுக்கப் பொடித்துளி உக்காந்து வெள்ளையா இருக்கும். பந்து உருண்ட இடத்துல மட்டும் துளி உதிர்ந்து பச்சையா ஒரு கோடு விழும். பந்தைத் தேடாதீங்க, கோட்டைத் தேடுங்க. குனிஞ்சு, கண்ணைப் புல்லு மட்டத்துக்குக் கொண்டுபோயிப் பாத்தா பத்தடிக்கு முன்னாலயே தெரியும். ஆனா நாலு பேர் நடந்து மிதிச்சுட்டா கோடு போச்சு. அதனாலதான் நாங்க யாரையும் முன்ன விட மாட்டோம்.

மலையை விட்டு இறங்கியாச்சு தம்பி. 1929ல 99 வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்ட காடு, 2028ல முடியுது, அதுக்கு முன்னயே 2024ல வேலை நின்னு போச்சு. எங்க குடும்பத்துல மூணு தலைமுறை அந்த மேகத்துக்குள்ளதான் பிறந்து வளந்துது. இப்ப அதைப் பத்திக் கேக்குதுக்கு ஒரு ஆள் இருக்குன்னு பாக்கும்போது மனசு நிறையுது. அதான் இவ்வளவும் சொன்னேன்.

---

கருப்பந்துறை | டிசம்பர் 7, இரவு 11.30

அண்ணாச்சி எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். ஆனா நான் தம்பிகிட்ட ஆடாதீங்கன்னுதான் சொல்லுவேன். காரணத்தையும் சொல்லிடுதேன்.

வேற ஒரு மலை, வேற ஒரு மைதானம். பதினாலு வருஷம் ஆச்சு. எண்பது கெஜம்தான் தெரிஞ்சுது. முன்னால போன குழு குழி இருக்குற கிரீனுக்குப் போயிருப்பாங்கன்னு நானா ஒரு கணக்குப் போட்டேன். யார்கிட்டயும் கேக்கல. அஞ்சாம் நம்பர் அயர்ன் கம்பு. நல்ல அடி, கையில உதறலே இல்லை. ரெண்டு நொடியில ஒரு அலறல். முன்குழுவோட கேடி, தொலைஞ்ச பந்து ஒண்ணைத் தேடிப் பின்தங்கி நின்னிருக்கார். கழுத்துப்பட்டை எலும்பு முறிஞ்சு போச்சு. நாலு விரக்கடை மேல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கும் ராத்திரியில நினைப்பு வரும். வைத்தியச் செலவு நான் பாத்தேன், ரெண்டு மாசக் கூலியும் கொடுத்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லல. "மேகம் சார், நீங்க என்ன செய்வீங்க"ன்னார். மேகம் செய்யல. நான்தான் செஞ்சேன்.

45 கிராம் எடைதான் அந்தப் பந்து. அது கல்லு மாதிரி வரும். கத்தினாக்கூட, எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு பனிக்குள்ள நிக்கறவருக்குத் தெரியாது.

---

சேரன்மாதேவி | டிசம்பர் 8, காலை 7.15

உள்ளூர்ப் போட்டிகளில் நடுவராக இருந்திருக்கிறேன். விதி என்ன சொல்கிறது என்பதைச் சொல்கிறேன்.

மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே போட்டியில், பனி மூடுகிறது என்று ஆட்டக்காரர் தானாக நிறுத்த முடியாது. மின்னல் அபாயம் என்றால் நிறுத்தலாம். மோசமான வானிலை மட்டுமே காரணமாகாது. நிறுத்துவது போட்டிக் குழுவின் வேலை. ஒரு நீண்ட ஊதல் என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அடுத்தடுத்து மூன்று ஊதல் சாதாரண நிறுத்தம். பாதி ஹோலில் இருந்தால் அதை முடித்துவிட்டும் நிறுத்தலாம். இரண்டு குட்டை ஊதல் என்றால் மறுபடி ஆடலாம். குழிக்குக் குழி வெற்றி பார்க்கும் மேட்ச் பிளேயில், போட்டி தாமதமாகாத வரை இருவரும் ஒத்துக்கொண்டு நிறுத்திக்கொள்ளலாம். தம்பி போவது நண்பர்கள் ஆட்டம், எந்தக் குழியிலும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். அதற்கு யாரிடமும் தண்டனை இல்லை.

பந்து தேட மூன்று நிமிடம்தான். 2019க்கு முன்னால் ஐந்து நிமிடமாக இருந்தது. நீங்களோ உங்கள் கேடியோ தேடத் தொடங்கிய நொடியிலிருந்து கணக்கு ஓடும். கிடைக்காவிட்டால் ஒரு அடி தண்டனையோடு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். பனியில் அது பெரிய நடை. காக்காச்சிப் பையன் அண்ணாச்சி சொன்ன "இன்னொரு பந்து" இருக்கிறதே, அதுதான் புரொவிஷனல், அதாவது தற்காலிகப் பந்து. அடிக்கும் முன்பு "புரொவிஷனல் அடிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அடித்தால் முதல் பந்து கிடைத்தாலும் அது தொலைந்த கணக்கு.

பலருக்குத் தெரியாத ஒன்று: கொடி தெரியாதபோது கேடியையோ வேறு ஒருவரையோ கோட்டில் நிற்கவைத்துத் திசை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அடிக்கும் முன்பு அவர் விலகிவிட வேண்டும். துண்டையோ பையையோ அடையாளமாக வைக்கக் கூடாது. அடிக்கும்போது கோட்டில் ஆள் இருக்கக் கூடாது என்பது காக்காச்சிப் பையன்களுக்கு முதல் பாடமாக இருந்திருக்கிறது. புத்தகத்தைப் பார்த்து அவர்கள் செய்யவில்லை, அனுபவத்தில் செய்தார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

---

காக்காச்சிப் பையன் | டிசம்பர் 8, இரவு 9.10

கருப்பந்துறைத் தம்பி சொன்னதை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மனசு கனத்துப் போச்சு. அந்த இடத்துல நின்னவன் நான் தம்பி. ஆடுதவங்களுக்கு முன்னால பந்து விழுற பக்கம் நிக்கறவனோட பயம் எனக்குத் தெரியும். நீங்க கேக்காம அடிச்சீங்கன்னு சொல்லுதீங்க. எங்களுக்கு விசில் வராம யாரும் கம்பைத் தூக்க மாட்டாவ, அந்த நம்பிக்கையிலதான் பதிமூணு வயசுல மேகத்துக்குள்ள தனியா நின்னோம். விசில் இல்லன்னா நானும் ஆடாதீங்கன்னுதான் சொல்லுவேன். உங்களுக்கும் எனக்கும் இதுல பேதம் இல்ல.

---

ஆழ்வார்க்குறிச்சி | டிசம்பர் 8, இரவு 9.45

பனியில சத்தம் நல்லாக் கேக்கும்ல? எங்க ஊர்ல மார்கழியில கோயில் பாட்டு அடுத்த ஊர் வரைக்கும் கேக்கும்.

---

பாளை வாத்தியார் | டிசம்பர் 9, காலை 6.30

கேட்கும், ஆனால் பனியால் அல்ல. மார்கழி விடியலில் தரையோரக் காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று அதைவிட வெதுவெதுப்பாகவும் இருக்கும். அப்போது மேலே போகும் ஒலி வளைந்து மறுபடி தரைக்கே வருகிறது. காற்றும் அசையாமல் கிடக்கிறது. அதனால்தான் ஆழ்வார்க்குறிச்சிப் பாட்டு அடுத்த ஊருக்குப் போகிறது. மலைமேல் மேகம் காற்றோடு வருவது. அங்கே இந்த வசதி கிடைக்காது. காற்று எதிர்த்திசையில் அடித்தால் நூறு கெஜத்தில் இருப்பவர் குரல்கூடக் கேட்காமல் போகலாம். குறுக்குத்துறைத் தம்பி, "சத்தம் வரவில்லை, ஆகவே ஆள் இல்லை" என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

பந்தைப் பற்றியும் ஒரு பொதுத் தவறு உண்டு. ஈரக்காற்று கனமானது, பந்து மெதுவாகப் போகும் என்பார்கள். நீராவி, காற்றைவிட இலேசானது. தூரத்தைக் குறைப்பது குளிர்தான். அதே சமயம் கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்று மெல்லியது. மஸ்கட் கடலோரத்தைவிடப் பந்து எட்டு, பத்து சதவீதம் கூடப் போகும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

---

சேரன்மாதேவி | டிசம்பர் 9, காலை 7.50

லேசர் தூரமானியை நம்பிப் போக வேண்டாம். பனித்துளியே ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், கொடிக்குப் பதில் முன்னால் இருக்கும் மேகத்தின் தூரத்தைக் காட்டும். செயற்கைக்கோள் வழியாகத் தூரம் காட்டும் கைக்கடிகாரம் பனியிலும் வேலை செய்யும். கைத்துண்டு மூன்று எடுத்துப் போங்கள். கம்பின் முகத்தில் ஈரம் இருந்தால் பந்து சுழலாது, கிரீனில் நிற்காமல் ஓடும். ஒவ்வொரு அடிக்கு முன்பும் கம்பு, பிடி இரண்டையும் துடைக்க வேண்டும். வெள்ளைப் பந்து வேண்டாம், மஞ்சள் எடுங்கள்.

---

நாலுமுக்கு மக | டிசம்பர் 9, பகல் 1.20

தம்பி, கொடைக்கானல் மைதானத்துல காட்டுமாடு மேய வரும்னு கேள்விப்பட்டிருக்கேன். மேகத்துல கருப்பா ஒரு பாறை மாதிரி தெரிஞ்சா, அது பாறைதானான்னு கேடிகிட்ட கேட்டுட்டு அப்புறம் கிட்டப் போங்க. சத்தம் கொடுத்துக்கிட்டே நடங்க. திடீர்னு பக்கத்துல போய் நின்னாத்தான் அது மிரளும்.

---

குறுக்குத்துறை | டிசம்பர் 21, இரவு 8.00

எல்லாருக்கும் நன்றி. நேத்து போயிட்டு வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுதேன்.

வத்தலக்குண்டு தாண்டி மேல ஏறும்போதே மூடிருச்சு. ஏழு மணிக்கு முதல் டீயில நின்னா, நாப்பது கெஜத்துக்கு அப்பால ஒண்ணுமே இல்லை. கூட வந்தவங்க அடிச்சுப் பாப்போம்னாங்க. நான் போன்ல கருப்பந்துறை அண்ணன் எழுதினதை எடுத்து வாசிச்சேன். யாரும் பேசல. ஒரு மணி நேரம் உக்காந்து காப்பி குடிச்சோம்.

எட்டே காலுக்கு விலகுச்சு, இருநூறு கெஜம் தெரிஞ்சுது. கிளம்பினோம். எனக்கு வந்த கேடி ஐம்பது வயசுக்காரர். காக்காச்சி விசில் முறையைச் சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, "நாங்களும் கை தட்டுவோம்ங்க, அதே கணக்குதான்"னார். ரெண்டு தட்டுன்னா வழி சுத்தம். முன்குழு கேடிகிட்டயும் அவரே போய்ப் பேசி வச்சார். ரொம்பத் தூரம் அடிக்குற டிரைவர் கம்பை நான் பையை விட்டே எடுக்கல. தெரியுற தூரத்துக்கு உள்ளயே விழுற மாதிரி ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் அயர்ன்தான். மஸ்கட்ல 140 போற கம்பு அங்க 150 தாண்டிப் போச்சு, வாத்தியார் சார் சொன்ன கணக்கு சரியா வந்துது.

நாலாவது ஹோல்ல மறுபடி மூடிருச்சு. நான் அடிச்சு முடிச்ச அந்த நிமிஷத்துலயே. பந்து மேல ஏறுனது தெரிஞ்சுது, இறங்குனது தெரியல. எண்ணினேன். நாலு எண்ணி முடிக்குமுன்ன 'தொப்'புன்னு ஒரு சத்தம், கொஞ்சம் இடப்பக்கமா. ரோமம் சிலிர்த்துப் போச்சு. கூட வந்தவங்களை அங்கனயே நிக்கச் சொல்லிட்டு, நானும் கேடியும் மட்டும் ஓரமா நடந்து போனோம். தரையோட தரையாக் குனிஞ்சு பாத்தேன். புல்லு முழுக்க வெள்ளை, நடுவுல பச்சையா ஒரு கோடு. கோட்டு முடிவுல மஞ்சப் பந்து. நான் உக்காந்துட்டேன் அண்ணாச்சி. கேடி, என்ன சார் ஆச்சுன்னு கேட்டார். ஒண்ணுமில்லன்னேன்.

அஞ்சாவது டீயில கால்மணி நேரம் நின்னோம். கைதட்டல் வரவே இல்லை. காத்து எங்க பக்கம் இருந்து அந்தப் பக்கம் அடிச்சுது, அதனால கேக்கலையா, இல்ல முன்குழு இன்னும் போகலையான்னு தெரியல. பையைத் தூக்கிட்டுத் திரும்பி நடந்துட்டோம். நாலு ஹோல்தான் ஆடுனது. முழு ரவுண்டுக்குப் பணம் கட்டியிருந்தோம், யாருக்கும் அதுல வருத்தம் இல்லை. ஸ்கோர் கார்டைப் பத்திரமா வச்சிருக்கேன்.

---

கருப்பந்துறை | டிசம்பர் 21, இரவு 8.25

திரும்பி நடந்தீங்க பாருங்க, அதுக்கு நன்றி தம்பி.

---

காக்காச்சிப் பையன் | டிசம்பர் 21, இரவு 9.05

தம்பி, ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்தக் கோடு நேராப் போயிருந்துதா, கடைசியில திரும்பியிருந்துதா? திரும்பியிருந்தா பந்து நிக்குற இடம் சரிவு. அடுத்த அடி அந்தப் பக்கமாத்தான் இழுக்கும், அதனால எதிர்ப்பக்கமாக் கொஞ்சம் தள்ளி அடிக்கணும். நாங்க அதைப் பாத்துத்தான் ஐயாமாருக்குச் சொல்லுவோம்.

---

குறுக்குத்துறை | டிசம்பர் 21, இரவு 9.12

கடைசி ஒரு முழம் வலப்பக்கம் திரும்பியிருந்துது அண்ணாச்சி. நான் அதைக் கவனிச்சும் நேராவே அடிச்சுட்டேன். பந்து கிரீனுக்கு வலப்பக்கம்தான் விழுந்துது.